எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு யாரும் ‘அவுட்’ ஆகாத ஓடியாடும் ஆட்டங்கள் வேணும்

நுங்குவண்டி கேட்டது:

எல்.கே.ஜி., யு.கே.ஜி. சேர்த்து 22 பிள்ளைகள். நாலு வயசு முடிஞ்சவங்கள்லேர்ந்து ஆறு வயசுக்குள்ள. இடம்: 20க்கு 18 அடி ஹால், டைல்ஸ் தரை. வெளியே கிட்டத்தட்ட அதே அளவுக்கு மண் தரை, பாதிக்கு வேப்பமர நிழல். வாரத்துல மூணு நாள், காலைல 25 நிமிஷம். பெரியவங்க ரெண்டே பேர், டீச்சரும் ஆயாவும்.

இப்ப ஓடுறது வழக்கமான மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், தவளை ஓட்டம். ஒவ்வொரு தடவையும் முதல்ல வெளியே போறது அதே நாலஞ்சு பேர். போனவங்க சுவரோரமா உக்காந்து அழறாங்க, இல்லன்னா ஆடுறவங்கள வம்புக்கு இழுக்கிறாங்க. எல்லாரும் சேர்ந்து ஒரு விஷயத்தைச் செஞ்சு முடிக்கிற மாதிரி ஆட்டம் வேணும். காசு கொடுத்து வாங்கறது ரொம்பக் கம்மியா இருக்கணும். வெறும் ஆட்டத்தோட பேரை மட்டும் போடாதீங்க. எத்தனை பொருள், என்ன அளவு, எங்க சொதப்பும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

பல்லாங்குழி:

முதல்ல ஒரு கணக்கு. 22 பேர் மியூசிக்கல் சேர் ஆடினா 21 சுற்று. பாட்டு, நிறுத்தம், சண்டையைத் தீர்க்கறது எல்லாம் சேர்த்துச் சுற்றுக்கு 40 செகண்ட் வச்சாலும் 14 நிமிஷம். முதல் சுற்றிலேயே வெளியே போற பிள்ளை 40 செகண்ட் நடந்துட்டு 13 நிமிஷத்துக்கு மேல உக்காந்திருக்கு. சராசரியா ஒரு பிள்ளைக்கு ஆட்ட நேரத்துல பாதிதான் அசைவு. அதுவும் ஓடிப் பழக வேண்டிய பிள்ளைதான் முதல்ல உக்காருது. அழுகைய விட்டுத்தள்ளுங்க, உடற்பயிற்சின்னு பார்த்தாலே இது நஷ்டம்.

அதனால மியூசிக்கல் சேரை நிறுத்த வேண்டாம், தலைகீழாக்குங்க. பிள்ளையை எடுக்காம இடத்தை எடுக்கணும். கனடாவைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் டெர்ரி ஆர்லிக் 1970கள்ல பரவலாக்கின முறை இது.

சாக்கு ஆட்டம். நாற்காலி வேண்டாம். சணல் சாக்கை 60க்கு 60 செ.மீ. சதுரமா வெட்டி, நூல் பிரியாம ஓரம் அடிச்சு, 8 துண்டு. டைல்ஸ் மேல சணலும் வழுக்கும், நியூஸ்பேப்பர் அதைவிட மோசம். ஹால்ல ஆடினா சாக்கே வேண்டாம், சாக்பீஸ்ல எட்டு வட்டம் போடுங்க. சுற்றுக்கு ஒரு வட்டத்தை ஈரத்துணியால அழிச்சு, அந்த இடத்தைக் காயவிட்டுத்தான் அடுத்த சுற்று. மண் தரையில சாக்கு சரியா வரும்.

பாட்டு 20 செகண்ட். பாட்டு ஓடுறப்ப யாரும் சாக்கை மிதிக்கக் கூடாது. நின்னதும் எல்லாரும் ஏதாவது ஒரு சாக்குல ஒரு கால் வைக்கணும். ரெண்டு காலும் வேணும்னு சொன்னா நெரிசல், ஒரு கால்னா இன்னொரு கால் தரையில ஊன்றி நிக்கும், விழாது. 22 பேரும் வச்சாச்சுன்னா எல்லாருக்கும் ஒரு கைதட்டு, ஒரு சாக்கு போகும். 8, 7, 6, 5, 4. நாலோட நிறுத்திடுங்க. நாலு சாக்குல 22 பேருன்னா சாக்குக்கு அஞ்சாறு பேர், இந்த வயசுக்கு அதுக்கு மேல தாங்காது. ஒன்னு வரைக்கும் கொண்டுபோனா வேடிக்கையா இருக்கும்னு தோணும். அடியில சிக்கின பிள்ளைக்கு அது வேடிக்கை இல்ல.

எங்க சொதப்பும்? பாட்டு நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சு சிலர் சாக்குப் பக்கத்துலேயே சுத்திக்கிட்டு இருப்பாங்க. ‘சுவரைத் தொட்டுட்டு வா’, ‘யானை மாதிரி நட’, ‘நண்டு மாதிரி பக்கவாட்டுல போ’ன்னு பாட்டு நடுவுல சொன்னா அது போயிடும். அடுத்த தப்பு நம்மளோடது: ‘சீக்கிரம், சீக்கிரம், யார் ஃபர்ஸ்ட்?’ங்கற வார்த்தை தானா வாயில வந்துரும். அது வந்த நிமிஷமே ஓட்டப்பந்தயம்தான். அதுக்குப் பதிலா ‘யாருக்கு இன்னும் இடம் கிடைக்கல? பாருங்க’ன்னு கேளுங்க. பிள்ளைகளோட கண்ணு சாக்கை விட்டு மத்தவங்க பக்கம் திரும்பும். இந்த ஒரு கேள்விதான் ஆட்டத்தோட உயிர்.

சேலைக் குடை. பிள்ளைகள் சுத்தி நின்னு ஓரத்தைப் பிடிச்சு ஆட்டறதுக்குக் கடையில விக்கிற பாராசூட் துணிக்குப் பதிலா நம்ம சேலையே போதும். பருத்திச் சேலை வேண்டாம், காத்து உள்ளுக்குள்ள புகுந்து போயிடும், எழும்பாது. பழைய பூனம் சேலை மாதிரி நெருக்கமா நெய்த, லேசான சிந்தெடிக் சேலை ரெண்டு எடுங்க. ஒன்னு ஏறக்குறைய 5.5 மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம் இருக்கும். நீளவாக்குல சேர்த்து, மடிச்சு ரெட்டைத் தையல். மொத்தம் 5.5க்கு 2.3 மீட்டர். ஆனா உங்க ஹால் 20 அடி, அதாவது 6.1 மீட்டர்தான். ரெண்டு முனையிலயும் பிள்ளைகள் நிக்கணும், அதனால நீளத்தை 4.5 மீட்டரா வெட்டிருங்க. சுற்றளவு 13.6 மீட்டர் வரும், 22 பேருக்கு ஆளுக்கு 60 செ.மீ. தாராளம். மிச்சத் துணியைத் தூக்கிப் போடாதீங்க, வேற ஆட்டத்துக்கு ஆகும்.

ஓரத்தை ரெண்டு மடிப்பா மடிச்சு 3-4 செ.மீ. பட்டையாத் தைங்க. சின்னக் கை பிடிக்க அதுதான் வாகு. பிடிக்கு வளையம், கயிறு வச்சுத் தைக்காதீங்க, விரல் மாட்டிக்கும்.

ஆட்டம் இப்படிப் போகணும். எல்லாரும் உக்காந்து ஓரத்தைப் பிடிக்கணும், நாலு விரல் மேலே, கட்டைவிரல் கீழே. ‘சின்ன அலை’ – மணிக்கட்டு மட்டும். ‘பெரிய அலை’ – முழுக் கை. ‘தூங்குது’ – துணி தரையைத் தொடணும், சத்தமே கூடாது. இந்த மூணும் வந்த பிறகுதான் எழுந்து நிக்கறது. நின்னதும் ‘ஒன்னு, ரெண்டு, மூணு, குடை!’ – எல்லாரும் கையை மேலே தூக்கணும். முதல் பத்து தடவை கோணலாத்தான் எழும்பும். ஒரு பக்கம் முன்னாடியே தூக்கிட்டா காத்து மறுபக்கம் வழியா ஓடிரும். அதைத் திட்ட வேண்டாம், துணியே காட்டிக் கொடுத்துரும்.

அடுத்து பந்து. லேசான பிளாஸ்டிக் பந்து ஒன்னை நடுவுல போட்டு, கீழே விழாம எத்தனை தடவை துள்ளுதுன்னு எல்லாரும் சேர்ந்து எண்ணணும். எண்ணை போர்டுல எழுதுங்க. நேத்து 7, இன்னிக்கு 9. போட்டி வேணும்னு துடிக்கிற பிள்ளைக்கு அந்த 9தான் எதிராளி. ஹால்ல ஆடுறதா இருந்தா சீலிங் ஃபேனை நிறுத்திட்டு ஆரம்பிங்க, மறந்துராதீங்க.

நாலு வரிசை, ஒரே வாளி. இது மண் தரைக்கு. தண்ணி ஊத்தற ஆட்டம் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் உண்டு, ஆனா வரிசைக்கு ஒரு வாளி வச்சுப் பந்தயமா நடத்துவாங்க. இங்க பந்தயம் கிடையாது. நடுவுல ஒரே பெரிய வாளி. கவிழாம இருக்க அதைப் பழைய டூவீலர் டயருக்குள்ள வைங்க. 5 லிட்டர் வர்ற இடத்துல சிவப்பு டேப். நாலு மூலையிலேர்ந்தும் நாலு வரிசை, அஞ்சு, அஞ்சு, ஆறு, ஆறு பேர். வரிசையோட கடைசியில சின்ன வாளித் தண்ணி, ஒரு பிளாஸ்டிக் டம்ளர். பாதி டம்ளர் மொண்டு கை மாத்தி, வாளிக்கிட்ட நிக்கற பிள்ளை ஊத்தும். ஊத்தினது டம்ளரோட பின்னாடி ஓடிப்போய் மொள்ற இடத்துக்கு வரும், மத்தவங்க ஒரு அடி முன்னால நகர்வாங்க. இப்படிப் போனா யாரும் ஒரே இடத்துல நின்னுக்கிட்டு இருக்க மாட்டாங்க.

பாதி டம்ளர்னா 100 மில்லி, 5 லிட்டருக்கு 50 டம்ளர். சிந்தறதையும் சேர்த்து வரிசைக்கு 14, 15 வரும். நாலஞ்சு நிமிஷ வேலை. டம்ளரை நிரப்ப விட்டா சிந்தறதுதான் மிச்சம், பாதியில ஒரு கோடு போட்டுக் கொடுங்க. முடிஞ்சதும் தண்ணி வேப்பமரத்துக்கு. தண்ணி இருக்கற வாளிய ஒரு நிமிஷம்கூட ஆள் இல்லாம விடக் கூடாது, வெறும் அரை வாளியா இருந்தாலும் சரி.

சுண்டல்:

எல்லாத்துலயும் எல்லாரும் ஜெயிச்சா, நாளைக்கு ஒன்னாம் வகுப்புல தோத்தா தாங்குமா? தோல்வியும் பழகணும்ல? பாண்டி, கோலின்னு ஆடித்தான் எல்லாரும் வளர்ந்திருக்கோம்.

பல்லாங்குழி:

பாண்டியில தப்பா மிதிச்சா முறை போகும், அடுத்த முறை திரும்ப வரும். ஆள் வெளியே போகாது. கோலியும் அப்படித்தான். நீங்க சொன்ன ரெண்டுமே நான் சொல்றதுக்குத்தான் சாட்சி. பந்து விழுந்தா எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகுது, அதுவும் தோல்விதான். ஒரு ஆளா இல்லாம 22 பேரும் சேர்ந்து தோக்கறாங்க, உடனே மறுபடி ஆரம்பிக்கறாங்க. போட்டி ஆட்டமே கூடாதுன்னு இங்க யாரும் சொல்லலை. நாலு வயசுல வாரத்துல மூணு தடவை, அதே பிள்ளையை உக்கார வைக்கிறதுதான் பிரச்சினை.

எலும்புக்காரர்:

குழந்தைகள் பிசியோதெரபி பக்கத்துலேர்ந்து சில விஷயம். ஆட்டம் எதுவா இருந்தாலும் இது பொருந்தும்.

அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைகளோட முழங்கையில ஒரு பலவீனம் உண்டு. முன்கையில இருக்கற ஆரை எலும்போட மேல் நுனியை வளையம் மாதிரி ஒரு நார் பிடிச்சிருக்கும். நீட்டின கையைத் திடீர்னு வெடுக்குனு இழுத்தா எலும்பு அந்த வளையத்துலேர்ந்து கொஞ்சம் நழுவிடும். ரெண்டு, மூணு வயசுல அதிகம், நாலுலயும் வரும், அஞ்சுக்கு மேல குறையும். பிள்ளை அந்தக் கையைத் தூக்காது, லேசா மடக்கி உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு, தொட்டா அழும். வீக்கம் பெருசா இருக்காது, அதனால ‘ஒன்னுமில்ல, எழுந்திரு’ன்னு சொல்லிருவாங்க. எண்ணெய் போட்டு உருவிவிடறது, இழுத்துவிடறது எதுவும் வேண்டாம். கையை அப்படியே வச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எலும்பு முறிவு இல்லைன்னு பார்த்துட்டு அவங்க சில நொடியில சரி பண்ணிருவாங்க.

இதனால ஆட்டத்துல மாத்த வேண்டியது: சாக்கு ஆட்டத்துல நல்ல மனசுள்ள பிள்ளைதான் ஆபத்து. இடம் கிடைக்காத கூட்டாளிய மணிக்கட்டைப் பிடிச்சு ‘வா வா’ன்னு இழுக்கும். முதல் நாளே விதியாச் சொல்லிருங்க: ‘இடம் கொடுக்கலாம், இழுக்கக் கூடாது.’ கையை நீட்டிக்கிட்டு நிக்கலாம், வர்றவன் வந்து பிடிப்பான்.

பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்தை யாராவது சொல்லப் போறீங்கன்னு தெரியும். ரெண்டு வரிசையும் முன்னும் பின்னும் நடந்து பாடறவரைக்கும் அருமையான ஆட்டம். கடைசியில ஆளைப் பிடிச்சு இழுக்கற பாகத்தை மட்டும் இந்த வயசுக்கு வெட்டிருங்க. இழுக்கறதுக்குப் பதிலா, பேர் சொன்ன ரெண்டு பேரும் நடுக்கோட்டுக்கு வந்து கை குலுக்கிட்டு இடம் மாறிக்கட்டும்.

கை கோத்து ஓடற ஆட்டம் எல்லாத்துலயும், கைக்குப் பதிலா ஒரு முழத் துண்டுத் துணிய ஆளுக்கொரு முனை பிடிக்கச் சொல்லுங்க. ஒருத்தர் வேகமா ஓடி இன்னொருத்தர் தடுக்கினா துணி நழுவிடும், கை தப்பிக்கும். பல்லாங்குழி சொன்ன மிச்சச் சேலை இதுக்குச் சரியா இருக்கும், நாலு விரல் அகலத்துல கிழிச்சா போதும். முனையில முடிச்சுப் போடாதீங்க, முடிச்சு இருந்தா நழுவாது.

சேலைக் குடைக்கு அடியில ஓடி இடம் மாறறதுன்னு ஒன்னு உண்டு, பிள்ளைகளுக்கு அதுதான் உச்சம். எதிரெதிரா ரெண்டு பேரை ஓட விட்டா தலையும் தலையும் முட்டும். துணி கண்ணை மறைக்கும்ங்கறதை மறந்துடறோம். ஒரு நேரத்துக்கு ஒருத்தர், அதுவும் ஒரே திசையில. அவர் விட்டுட்டுப் போற இடத்தைப் பக்கத்து ரெண்டு பேரும் பிடிச்சுக்கட்டும்.

டைல்ஸ் மேல வெறுங்கால்தான். சாக்ஸ் கூடவே கூடாது.

கமுகமடல்:

யாழ்ப்பாணப் பக்கம் முன்பள்ளியளிலையும் இதே பிரச்சினைதான். எங்களுக்குச் சங்கீதக் கதிரை (உங்கடை மியூசிக்கல் சேர்), விளையாட்டுப் போட்டி வந்தா ஒரு மாசம் அதுதான். இரண்டு விளையாட்டு சொல்லுறன், இரண்டுக்கும் காசு வேண்டாம்.

முதலாவது வாழைமடல் வாய்க்கால். குலை வெட்டின வாழையின்ரை தண்டிலை இருந்து மடலை உரிச்சா அது தானாவே வாய்க்கால் மாதிரி வளைஞ்சு இருக்கும். அரை மீற்றர் நீளத்துக்கு வெட்டுங்கோ, 11 துண்டு. இரண்டு பிள்ளைக்கு ஒரு துண்டு, ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேணும். ஒரு துண்டின்ரை முனை அடுத்த துண்டுக்கு மேலை கொஞ்சம் ஏறி இருக்க வேணும், மேலை இருந்து பந்து வாற துண்டுதான் மேலை. ரெனிஸ் பந்தை முதல் மடலிலை விட்டா அது உருண்டு உருண்டு கடைசியிலை இருக்கிற கடகத்துக்குள்ளை (ஓலைப் பெட்டி) விழ வேணும். முதல் நாள் நாலு துண்டோடை, எட்டுப் பிள்ளையோடை துடங்குங்கோ. மற்றப் பிள்ளையள் அடுத்த வாய்க்கால். பழகின பிறகு, பந்து தங்களைக் கடந்த உடனை அந்தச் சோடி முன்னுக்கு ஓடிப்போய் வரிசையின்ரை நுனியிலை நிக்கிறது. அப்ப நாலு துண்டோடையே முற்றத்தைச் சுத்தி வரலாம்.

பிழை வாற இடம் எது எண்டா, எல்லாரும் மடலைச் சரிவாப் பிடிச்சு வேகமா விடப் பாப்பினம், பந்து துள்ளி வெளியிலை போகும். ‘பந்து நித்திரை கொள்ளுது, எழுப்பாமல் கொண்டு போங்கோ’ எண்டு சொன்னா வேகம் தானா இறங்கும். வாழைக் கயர் (கறை) உடுப்பிலை பட்டாப் போகாது, அதை மறக்க வேண்டாம். முதல் நாள் பின்னேரமே உரிச்சுத் துடைச்சு நிழலிலை வையுங்கோ. இரண்டு நாளுக்கு மேலை வைச்சா சுருண்டு போகும். வாழை கிடைக்காத இடத்திலை 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய் 3 மீற்றர் ஒண்டு வாங்கி, அரை மீற்றராய் வெட்டி, நெடுக்கப் பிளந்தா 12 துண்டு வரும். வெட்டின விளிம்பைக் கட்டாயம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேணும்.

இரண்டாவது, உங்கடை பக்கம் ‘ஒரு குடம் தண்ணி’ எண்டு பாடி ஆடுற வளைவு விளையாட்டு இருக்கெல்லோ. இரண்டு பேர் கை உயர்த்தி வளைவு, மற்றவை கீழாலை தொடர்ந்து போறது, பாட்டு முடியேக்கை ஒருத்தர் பிடிபடுறது. பிடிபட்டவையை ஒதுக்காதையுங்கோ. இரண்டு பேர் பிடிபட்டா அவை அடுத்த வளைவு. வளைவு ஒண்டு, இரண்டு, மூண்டு எண்டு கூடிக்கொண்டே போய் கடைசியிலை முழு வகுப்பும் ஒரு சுரங்கம். கடைசிச் சோடி சுரங்கத்துக்குள்ளாலை ஓடி வாறதுதான் முடிவு. இதிலை பிடிபடுறதுக்கு ஆசைப்பட்டு மெதுவாப் போற பிள்ளையளும் இருக்கும், அதுக்கு ஒண்டும் செய்ய வேண்டாம்.

மூண்டு வயதுப் பிள்ளையளும் கலந்து இருந்தா ஒண்டு நினைவிலை வையுங்கோ. அந்த வயதுக்கு ‘நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு இலக்கு’ எண்டது விளங்காது. எல்லாரும் ஒரே நேரத்திலை ஒரே அசைவைச் செய்யிறதுதான் அவைக்குக் கூட்டு. சீலையைப் பிடிச்சு அலை அடிக்கிறது சரி. எண்ணிக்கை, வரிசை எல்லாம் பெரிய பிள்ளையளுக்கு.

நுங்குவண்டி:

எல்லாருக்கும் நன்றி. சேலை, சாக்கு ரெண்டும் ரெடி பண்ணியாச்சு. மூணு சந்தேகம். பந்து சேலையிலேர்ந்து வெளியே விழுந்தா அத்தனை பேரும் துணிய விட்டுட்டு அது பின்னாடி ஓடறாங்க, என்ன செய்யறது? ஒரு பிள்ளை எதுலயும் சேர மாட்டேங்குது, இன்னொரு பிள்ளைக்குக் காது சரியாக் கேக்காது, அவங்களுக்கு என்ன பண்ணலாம்? அப்புறம் 25 நிமிஷத்தை எப்படிப் பிரிக்கறது?

களிமண்:

பந்துக்கு ஓடறது பிள்ளைகளோட தப்பு இல்ல, வேலை யாருக்குன்னு சொல்லாததால வர்றது. ரெண்டு பேரை ‘பந்து பொறுக்கி’யா நியமிங்க. அவங்க சேலையைப் பிடிக்க மாட்டாங்க, வெளியே நிப்பாங்க. பந்து விழுந்தா அவங்க மட்டும் எடுத்து உள்ளே போடலாம். பத்து துள்ளலுக்கு ஒரு தடவை ஆளை மாத்துங்க. 22 பேர்ல ரெண்டு பேர் வெளியே நின்னா சேலையில 20 பேர், இன்னும் தாராளமாப் பிடிக்கலாம். சேர மாட்டேங்கற பிள்ளைக்கும் பெரும்பாலும் இந்த வேலைதான் வாசல். கூட்டத்துக்குள்ள நிக்கறதுதான் அதுக்குக் கஷ்டம், ஆட்டம் பிடிக்காம இல்ல. இன்னொரு வேலையும் இருக்கு: சாக்கு ஆட்டத்துல பாட்டை நிறுத்தறது. ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்து, ‘நீ தட்டினா ஓடுவாங்க, நீ நிறுத்தினா நிப்பாங்க’ன்னு சொல்லிப் பாருங்க. 21 பேர் தன் கையப் பார்த்து நிக்கறாங்கங்கறது சாதாரண விஷயமா? ரெண்டு மூணு நாள்ல தானா உள்ளே வந்துரும். வரலைன்னாலும் தட்டுக்காரரா இருக்கட்டும். கையைப் பிடிச்சு உள்ளே தள்ளறது மட்டும் வேண்டாம்.

காது கேக்காத பிள்ளைக்குத் தனியா ஒன்னும் செய்ய வேண்டாம், எல்லாருக்குமே கண் அடையாளம் வச்சுருங்க. ஆயா சிவப்புத் துண்டைத் தூக்கினா ஓடணும், கீழே போட்டா நிக்கணும். தட்டும் துண்டும் ஒரே நேரத்துல. மத்த பிள்ளைகளும் தலையை நிமிர்த்தி முன்னாடி பார்த்துக்கிட்டே ஓடுவாங்க, முட்டிக்கறதும் குறையும்.

மேல யாரும் சொல்லாத ஒன்னு, புளியங்கொட்டைப் பை. துணிய 28க்கு 14 செ.மீ. வெட்டி, ரெண்டா மடிச்சு, மூணு பக்கம் ரெட்டைத் தையல். தைச்சு முடிச்சா கிட்டத்தட்ட 12 செ.மீ. சதுரம் வரும். உள்ளே 100 கிராம் வறுத்துக் காயவச்ச புளியங்கொட்டை. அரிசி, பயறு போட்டா வண்டும் எலியும் வந்துரும். பையை முட்ட நிரப்பாதீங்க, தொளதொளன்னு இருந்தாத்தான் தலையில உக்காரும். தையல் பிரிஞ்ச பையை அன்னிக்கே எடுத்துருங்க, கொட்டை வாய்க்கோ மூக்குக்கோ போயிடும்.

ஆளுக்கொரு பை தலையில வச்சு நடக்கணும். பை விழுந்தா அவர் சிலை. அவரே குனிஞ்சு எடுக்கக் கூடாது. வேற ஒருத்தர் தன் பை விழாம உக்காந்து, எடுத்து, அவர் தலையில வைக்கணும். வைக்கறப்ப தன்னோடதும் விழுந்துட்டா ரெண்டு பேரும் சிலை. முதுகு நிமிர்ந்து முழங்காலை மடக்கி இறங்கற அந்த அசைவு இருக்கே, அதை எந்த டிரில்லும் அவ்வளவு அழகாச் சொல்லிக் கொடுக்காது. ஆரம்பத்துல எல்லாரும் சிலையாகி ஆட்டமே நின்னுரும். அப்ப டீச்சர் பூதம் மாதிரி வந்து ரெண்டு பேரை மட்டும் எழுப்பினா போதும், மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க. வேணும்னே பையைத் தள்ளிவிட்டு யாராவது வருவாங்களான்னு பார்க்கறதும் இருக்கும். ஒரு வாரத்துக்கு அதைக் கண்டுக்காதீங்க.

ஐஸ்-வாட்டர் ஆட்டமும் இதே கணக்குதான், வெளியே ஆடுங்க. ஐஸ் ஆனவரை ஒருத்தர் தொட்டா கரையக் கூடாது, ரெண்டு பேர் வந்து ரெண்டு பக்கமும் நின்னு கைகளைக் கோத்து வளையமாக்கி ‘தண்ணி’ன்னு சொன்னாத்தான் கரையும். துரத்தற ஆள் முதல் வாரம் டீச்சர்தான். பிள்ளைகிட்ட கொடுக்கறப்ப ஒரு நிமிஷத்துக்கு மேல ஒரே ஆள் வேண்டாம், மூச்சு வாங்கினதும் தொடறது அடியா மாறும்.

25 நிமிஷத்துக்கு: தண்ணி குடிச்சு, செருப்பைக் கழட்டி வட்டமா நிக்கவே 3 நிமிஷம் போயிரும், அதை ஒத்துக்கங்க. ஓடற ஆட்டம் ஒன்னு 8 நிமிஷம் (சாக்கு, இல்லன்னா ஐஸ்-வாட்டர்). கவனமா செய்யறது ஒன்னு 7 நிமிஷம் (பை, வாழைமடல், வாளி, இதுல ஏதாவது ஒன்னு). சேலை 5 நிமிஷம், கடைசியில ‘தூங்குது’. துணிக்கு அடியில எல்லாரும் படுத்து மூச்சைக் கேக்கறதோட முடியும், முகத்தைத் துணி மூடாம ஆயாவும் டீச்சரும் ரெண்டு பக்கம் தூக்கிப் பிடிக்கணும். மிச்ச ரெண்டு நிமிஷம் பொருளை மடிச்சு வைக்க. அதையும் பிள்ளைகளே செய்யட்டும், சேலையை மடிக்கறதே 22 பேருக்கு ஒரு ஆட்டம்தான். ஒரு நாளைக்கு மூணு ஆட்டத்துக்கு மேல வேண்டாம். புதுசு வாரத்துக்கு ஒன்னே ஒன்னு. ஒரே ஆட்டத்தை நாலஞ்சு தடவை ஆடின பிறகுதான் பிள்ளைகள் விதியை மறந்துட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே ஆரம்பிப்பாங்க.

இந்த 25 நிமிஷத்தோட அன்னிக்கு ஓட்டம் முடிஞ்சுதுன்னு நினைச்சுராதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன கணக்குப்படி 3, 4 வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 180 நிமிஷம் அசைவு வேணும், அதுல 60 நிமிஷமாவது மூச்சு வாங்கற அளவுக்கு. மதிய இடைவேளையில சேலையை அலமாரியில பூட்டி வைக்காம விட்டாலே கொஞ்சம் ஈடுகட்டும்.

எலும்புக்காரர்:

களிமண் சொன்ன ‘தூங்குது’வுக்கு ஒரு திருத்தம். மண் தரையில செய்யாதீங்க, சேலை தூக்கற காத்துக்குத் தூசி முழுக்கக் கண்ணுல விழும். ஹால்ல மட்டும். பூனம் துணியில வியர்வை உறியாது, வாரம் ஒரு தடவை சோப்புல அலசிப் போடுங்க, அரைமணி நேரத்துல காஞ்சிரும்.